40 பாடவேளையில் 24: ஒரு கணிதக் கொப்பி சொன்ன கணக்கு

2025 பெப்ரவரியில் ஒரு கிழமை, என் மகள் மூன்று நாட்கள் தொடர்ந்து ஒரே பதிலைச் சொன்னாள். "கணக்குப் பாடம் இண்டைக்கும் நடக்கேல்லை அம்மா. ரிலீவ்தான்." அவள் அப்போது தரம் 9. யாழ்ப்பாணத்தின் வலிகாமம் பக்கத்து அரச பாடசாலை ஒன்றில் படிக்கிறாள். ஆசிரியர் வராத பாடவேளைக்கு வேறோர் ஆசிரியரை அனுப்பி வகுப்பைப் பார்த்துக்கொள்ள வைப்பதுதான் ரிலீவ். பாடசாலையின் பெயரை எழுதவில்லை. இங்கே நான் சொல்லப்போவது அந்த ஒரு பாடசாலையின் குறை மட்டும் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

நான் ஒரு பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதுகிறவள். இருப்புப் புத்தகத்தில் 40 மூட்டை என்று இருந்து, களஞ்சியத்தில் 24 மூட்டைதான் கிடந்தால் அன்றிரவு எங்களுக்கு நித்திரை வராது. பிள்ளைகளின் பாட நேரத்தை மட்டும் ஏன் ஒருவரும் இப்படி எண்ணிப் பார்ப்பதில்லை என்ற கேள்வி மனதில் நின்றது. முதலாம் தவணை முடிந்ததும் மகளின் கணிதக் கொப்பியை வாங்கி, அதில் இருந்த திகதிகளை ஒவ்வொன்றாக ஒரு தாளில் இறக்கினேன். திகதி போடாமல் ஒரு பக்கமும் எழுத விடாதவர் அவர்களுடைய கணித ஆசிரியர். அந்த நல்ல பழக்கம் இல்லாவிட்டால் இந்தக் கணக்கே வந்திருக்காது.

ஒரு வகுப்பு, ஒரு பாடம், ஒரு தவணை. இந்த ஆய்வின் அளவு அவ்வளவுதான்.

நேரசூசியில் இருப்பது

அரச பாடசாலை காலை 7.30க்குத் தொடங்கி பிற்பகல் 1.30க்கு விடுகிறது. 6 மணித்தியாலம், அதாவது 360 நிமிடம். 2025இல் அதில் 40 நிமிடப் பாடவேளைகள் 8 இருந்தன. கற்பித்தலுக்கு என்று ஒதுக்கியது 320 நிமிடம். மிச்சம் 40 நிமிடம் காலைப் பிரார்த்தனைக்கும் இடாப்பு அடையாளமிடவும் இடைவேளைக்கும் போனது.

ஆண்டுக்கு 200 நாட்கள் பாடசாலை நடக்கிறது என்று வைத்துக்கொண்டால், 320 நிமிடப்படி 1,066 மணித்தியாலம் வரும். பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் அபிவிருத்தி அமைப்பில் உள்ள நாடுகளில் கீழ் இடைநிலை வகுப்புகளுக்குக் கிடைக்கும் சராசரி ஆண்டுக்கு ஏறத்தாழ 900 மணித்தியாலம். காகிதத்தில் பார்த்தால் எங்கள் பிள்ளைகளுக்கு அந்தப் பணக்கார நாட்டுப் பிள்ளைகளைவிடக் கூடுதல் நேரம் இருக்கிறது. இதை முதலில் கூட்டிப் பார்த்தபோது பிழையாகக் கூட்டிவிட்டேனோ என்று திரும்பவும் கூட்டினேன். பிழை இல்லை. நேரம் போதாது என்ற பேச்சை இந்த இடத்தில் நிறுத்திவிட்டு, இருக்கிற நேரம் எங்கே போகிறது என்று தேட வேண்டியிருந்தது.

2025 முதலாம் தவணை ஜனவரி 27இல் தொடங்கியது. மார்ச் 14இல் ஒரு தடவை விட்டு, சாதாரண தரப் பரீட்சை முடிந்த பிறகு ஏப்ரல் 1 முதல் 11 வரை மீண்டும் நடந்தது. சுதந்திர தினம், இரண்டு பௌர்ணமி, மகா சிவராத்திரி ஆகியவற்றைக் கழித்தால் 40 பாடசாலை நாட்கள். மகளின் நேரசூசியில் நாளுக்கு ஒரு பாடவேளை கணிதம். ஆக 40 பாடவேளை, 26 மணித்தியாலம் 40 நிமிடம்.

கொப்பியில் இருப்பது

கொப்பியில் 24 திகதிகள் இருந்தன. இரண்டு முறை எண்ணினேன். பிறகு, ஏதாவது விடுபட்டதோ என்று அவளுடைய சிநேகிதியின் கொப்பியோடும் ஒப்பிட்டேன். அதிலும் அதே 24.

போன 16ஐயும் மகளை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக நினைவுபடுத்தினோம். அவள் ஒரு சின்ன டயறி வைத்திருக்கிறாள், அது உதவியது. தவணையின் முதல் 3 நாட்களில் புதிய நேரசூசி வரவில்லை. வகுப்பறை கூட்டினார்கள், புத்தகம் வாங்கினார்கள், மேசை கதிரை எண்ணினார்கள். 4 நாட்கள் ஆசிரியர் இல்லை. இரண்டு நாள் சுகவீன லீவு, இரண்டு நாள் வலயக் கல்விப் பணிமனையில் செயலமர்வு. ஒரு பாடவேளை டெங்கு ஒழிப்புச் சிரமதானம். ஒன்று, வெளியிலிருந்து வந்த அதிதியை வரவேற்க வரிசையில் நின்றது. இன்னொன்று தவணையின் கடைசி நாள்.

மீதி 6, பிள்ளைகளை இல்லங்கள் என்ற அணிகளாகப் பிரித்து நடத்தும் இல்ல விளையாட்டுப் போட்டிக்குப் போனவை.

இந்த ஆறைப் பற்றி எழுதும்போது மனம் சங்கடப்படுகிறது. யாழ்ப்பாணத்தில் படித்த யாருக்கும் இல்ல விளையாட்டுப் போட்டி வெறும் ஓட்டப் பந்தயம் இல்லை. தென்னங்குருத்து வாட்டி இல்லம் சோடித்ததும், அணிநடையில் கை ஒன்றாக வீசக் கற்றதும், பழைய அதிபர்களின் பெயரைத் தாங்கிய இல்லத்துக்காகத் தொண்டை கட்டக் கத்தியதும் எங்களை வளர்த்தவை. வீட்டில் வாயே திறக்காத பிள்ளை அந்த மைதானத்தில் தலைவியாகி நிற்பதைக் கண்டிருக்கிறேன். அது வேண்டாம் என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். ஆனால் அணிநடைப் பயிற்சி ஒவ்வொரு நாளும் காலை இரண்டாம், மூன்றாம் பாடவேளையில் நடந்தது. அந்த வகுப்புக்குக் கணிதம் பெரும்பாலும் மூன்றாம் பாடவேளை. வேறு நேரத்தில் பயிற்சியை வைத்திருந்தால் நட்டம் வேறு பாடங்களுக்கும் பங்கு போயிருக்கும். ஒரே பாடம் ஆறு நாளைச் சுமந்திருக்காது. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. யாரும் எண்ணவில்லை, அவ்வளவுதான்.

இன்னொன்றும் கவனித்தேன். முழு நாள் ஒன்று விசேட விடுமுறையாகப் போனால், ஒரு சனிக்கிழமை பதில் பாடசாலை நடத்தி ஈடு செய்யச் சொல்வார்கள். நாளுக்குக் கணக்கு இருக்கிறது. பாடவேளைக்கு இல்லை. நேரசூசியில் ஒரு கட்டம் வெறுமையாகப் போனால் அதை யாரும் யாருக்கும் கடனாக வைப்பதில்லை. பிள்ளை இடாப்பில் "வந்தது", ஆசிரியர் வரவுப் பதிவேட்டில் "வந்தார்", பாடசாலை அன்று "நடந்தது". பாடம் நடந்ததா என்று கேட்க ஒரு புத்தகமும் இல்லை.

நடந்த 24இலும்

பாடம் நடந்த நாட்களில் 40 நிமிடமும் நடந்ததா என்று அறிய, தவணையின் பிற்பகுதியில் இரண்டு கிழமை மகளிடம் ஒரு வேலை கொடுத்தேன். கரும்பலகையில் முதல் வரி எழுதப்படும் நேரத்தையும், கொப்பியை மூடும் நேரத்தையும் பக்க ஓரத்தில் பென்சிலால் குறிக்கச் சொன்னேன். சராசரியாக 10 நிமிடம் குறைந்தது. திங்கட்கிழமை கணிதம் முதற்பாடவேளை. காலைக் கூட்டத்தில் அதிபர் பேசி, பரிசு கொடுத்து, அறிவித்தல் வாசித்து முடிய 8 மணி. வெள்ளிக்கிழமை சிவபுராணம் முழுவதும் பாடுவார்கள், அன்றும் காலைப் பாடவேளைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளிப்போகும். மற்ற நாட்களில் ஓர் ஆசிரியர் ஒரு கட்டடத்திலிருந்து அடுத்த கட்டடத்துக்கு நடந்து வருவதற்கே ஐந்து நிமிடம் போய்விடும். இரண்டு பாடவேளைக்கு நடுவில் நடக்கும் நேரம் நேரசூசியில் இல்லை. மணி அடித்த அதே நொடியில் ஒரு பாடம் முடிந்து அடுத்தது தொடங்கும் என்று காகிதம் நம்புகிறது.

24 பாடவேளை, 16 மணித்தியாலம். அதில் பாடவேளைக்கு 10 நிமிடம் கழித்தால் 12 மணித்தியாலம். 26 மணித்தியாலம் 40 நிமிடம் என்று தொடங்கிய கணக்கு இங்கே வந்து நிற்கிறது.

இது எங்கள் ஊரில் மட்டும் நடப்பதில்லை. இலத்தீன் அமெரிக்காவிலும் கரீபியனிலும் 7 நாடுகளில், சுமார் 15,000 வகுப்பறைகளைப் பார்த்து உலக வங்கி 2014இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு நாட்டில்கூட வகுப்பு நேரத்தில் 65 சதவீதத்துக்கு மேல் கற்பித்தலுக்குப் போகவில்லை. நன்றாக நடக்கும் வகுப்புக்கு 85 சதவீதம் என்பது அளவுகோல். அந்த இடைவெளி கிழமைக்கு ஒரு முழு நாளுக்குச் சமம். அந்த ஆய்வாளர்கள் வகுப்புக்குள் போய்ப் பார்த்தார்கள். என்னிடம் இருந்தது பென்சில் குறிப்பு மட்டும்.

தீவகத்தை நினைத்தால் என் கணக்கு சின்னது. நெடுந்தீவுக்குப் போகும் ஆசிரியர்கள் குறிகட்டுவானில் படகு ஏறி ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் கடலில் போக வேண்டும். கடல் கொந்தளித்தால் படகு இல்லை. அந்தப் பிள்ளைகளின் கொப்பியில் எத்தனை திகதி இருக்கும் என்று யாராவது எண்ண வேண்டும்.

தரம் 9 பிள்ளைகள் ஏற்கெனவே இழந்தது

2025இல் தரம் 9 படித்தவர்கள் 2020இல் தரம் 4. பின்னமும் நெடும் பிரித்தலும் கையில் படிய வேண்டிய வயது. கொரோனாவால் மார்ச் நடுவில் பாடசாலைகள் மூடின. அடுத்த ஆண்டு, தீராமல் கிடந்த சம்பள முரண்பாட்டுக்காக ஆசிரியர்கள் ஜூலை முதல் ஒக்டோபர் வரை இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகி நின்றார்கள். அவர்களுடைய கோரிக்கையில் நியாயம் இருந்தது. புலமைப்பரிசில் பரீட்சை அடுத்த ஜனவரிக்குத் தள்ளிப்போய், 2022இல்தான் எழுதினார்கள். அந்த ஆண்டே எரிபொருள் இல்லாமல் பல கிழமை மூடி, திறந்த பிறகும் சில காலம் கிழமைக்கு 3 நாள்தான் வகுப்பு.

இவற்றை எல்லோரும் பேசினார்கள், எழுதினார்கள். பெரிய இழப்பு கண்ணுக்குத் தெரியும். ஆனால் இந்தப் பிள்ளைகள் தரம் 9இன் அட்சரகணிதக் கோவையில் தடுக்கி விழும்போது, காரணம் தரம் 4இல் விட்டுப்போன பின்னம். அதை ஈடுகட்ட வேண்டிய ஆண்டில்தான் 40இல் 24 கிடைத்தது.

இங்கே என் சொந்தக் கதை ஒன்று. 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்திலிருந்து எல்லோரும் இடம்பெயர்ந்தபோது எனக்கு 12 வயது. தென்மராட்சியில் ஒரு பாடசாலையில், அந்த ஊர்ப் பிள்ளைகள் காலையில் படித்துப் போன பிறகு பின்னேரம் எங்களுக்கு வகுப்பு. நேரம் குறைவு, கொப்பி இல்லை, பாதிப் பேர் மண்ணில் இருந்தோம். எங்கள் கணித ரீச்சர் இடாப்பை வகுப்பு முடியும் வேளையில்தான் எடுப்பா. "முதல்ல கணக்கு, பேரை நான் உங்கட முகத்தைப் பார்த்தே போட்டுடுவன்" என்று சொல்லுவா. சதவீதத்தை நான் அந்த நாட்களில்தான் விளங்கிக்கொண்டேன்.

ரியூசன் நிரப்பும் இடம்

இந்த 16 பாடவேளை போனதை ஏன் பெற்றோர் ஒருவரும் கேட்கவில்லை? விடை எங்கள் வீட்டிலேயே இருந்தது. நானும் மகளை ரியூசனுக்கு அனுப்புகிறேன். பாடசாலை விட்டு வந்து, சாப்பிட்டு, 3 மணிக்குச் சைக்கிளில் போவாள். சனி, ஞாயிறும் உண்டு. அங்கே காரணிகள் முடிந்துவிட்டன, பாடசாலையில் அப்போதுதான் பின்னம். அதனால் ரிலீவ் பாடவேளை அவளுக்கு நட்டமாகவே தெரியவில்லை. ரியூசன் வீட்டுவேலையை அதில் செய்து முடித்தாள்.

ஆசிரியர் பக்கமும் இதையே சொல்கிறது. துவித எண்களைத் தொடங்கும்போது வகுப்பில் பாதிக்கு மேல் "படிச்சிட்டம் சேர்" என்கிறார்கள். அவர் ஒரு கணக்கைப் பலகையில் போடுகிறார், விடை உடனே வருகிறது, அடுத்த அலகுக்குப் போகிறார். மூன்று பாடவேளை வேண்டிய இடத்தில் ஒன்று போதும் என்று தோன்றுகிறது. நேரம் குறைந்ததால் பெற்றோர் ரியூசன் வாங்குகிறார்கள். ரியூசன் இருப்பதால் நேரம் குறைந்தது யாருக்கும் உறைக்கவில்லை. இரண்டும் ஒன்றை ஒன்று வளர்க்கின்றன.

நான் கொப்பி ஒப்பிட்டேன் என்று சொன்ன அந்தச் சிநேகிதி ரியூசனுக்குப் போவதில்லை. தாய் வெங்காயத் தோட்டத்தில் கூலி வேலை செய்கிறா. பிள்ளைக்கு அந்த 12 மணித்தியாலம்தான் மொத்தக் கணிதம். அவளுடைய கொப்பியில் அட்சரகணிதக் கோவைகள் வரை எழுத்து அழகாக, விடைகள் சரியாக இருந்தன. அதற்குப் பிறகு விடைகள் மட்டும் இருந்தன, செய்கை இல்லை. பலகையில் போன வேகத்துக்குப் பார்த்து எழுதியவை அவை.

ஒரு பிள்ளை எவ்வளவு கற்கிறது என்பது, அதற்குத் தேவையான நேரத்தில் எவ்வளவு நேரத்தை உண்மையில் படிப்பில் செலவிடுகிறது என்பதைப் பொறுத்தது என்று ஜோன் கரோல் என்ற அமெரிக்க உளவியலாளர் 1963இல் எழுதினார். ஒவ்வொரு பிள்ளைக்கும் தேவையான நேரம் வேறு என்பது அதில் முக்கியம். எங்கள் வகுப்பில் கூடுதல் நேரம் தேவைப்பட்ட பிள்ளைக்குக் கிடைத்தது மிகக் குறைந்த நேரம். துலா மிதித்து இறைத்த காலத்தில் அப்பு சொல்லுவார், வாய்க்கால் கசிந்தால் கிணற்றடிப் பாத்திக்கு ஒன்றும் ஆகாது, கடைசிப் பாத்திதான் காயும் என்று.

பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில்

நான் அந்தச் சங்கத்தில் ஓர் உறுப்பினர். ஏப்ரல் கூட்டத்துக்கு ஒரு பக்கத் தாளைக் கொண்டுபோனேன். எந்த ஆசிரியரின் பெயரும் இல்லை. 40, 24, 16, 12 என்ற எண்களும் காரணங்களும் மட்டும். அதிபர் சேர் நெடுநேரம் வாசித்தார். "தங்கச்சி, இந்தத் தாளை வலயத்துக்கு அனுப்பினால் கேள்வி முதல்ல எனக்குத்தான் வரும்," என்றார். கொஞ்சம் பொறுத்து, "ஆனால் கணக்குச் சரி," என்றார். அந்த இரண்டாவது வசனத்துக்காக அவர் மீது எனக்குப் பெரிய மரியாதை.

ஆசிரியர்கள் சொன்னதையும் எழுத வேண்டும். தரம் 6 முதல் 11 வரை முழுப் பாடசாலைக்கும் கணிதத்துக்கு இரண்டு பேர். மூன்றாமவர் இடமாற்றம் பெற்றுப் போனார், பதிலுக்கு ஆள் வரவில்லை. தங்கள் பாடவேளைகளுக்கு மேல் மற்றவர்களின் ரிலீவையும் எடுக்கிறார்கள். அதற்கு மேல் படிவங்கள், சேகரிப்புகள், செயலமர்வுகள். ஒரு ரீச்சர் கேட்டா, "நாங்கள் நிரப்பிக் குடுக்கிற தரவுப் படிவங்களையும் ஆராவது எண்ணுவீங்களோ?" நியாயமான கேள்வி.

அன்று முடிவானவற்றில் சில லேசாக நடந்தன. புதிய நேரசூசி வரும் வரை பழையதே ஓடும் என்றார்கள். முதல் 3 நாள் பிரச்சினை அதோடு தீரும். பயிற்சிகள் இடைவேளைக்குப் பிறகுதான், அதுவும் நாளுக்கு நாள் வேறு பாடவேளையில்.

நன்றாக வேலை செய்தது ரிலீவ் கோப்பு. ஒவ்வொரு பாட ஆசிரியரும் தன் வகுப்புக்கு ஐந்தாறு பயிற்சித் தாள்களை அலுவலகத்தில் ஒரு கோப்பில் வைப்பார். அவர் வராத நாளில் ரிலீவுக்குப் போகிறவர் அதை எடுத்துப் போவார். சித்திர ஆசிரியர் கணித வகுப்புக்குள் போனாலும் பிள்ளைகள் கணக்குத்தான் செய்வார்கள். ஆரம்பத்தில் தாள் வாங்கக் காசில்லை என்ற பேச்சு வந்தது. சங்கத்தின் பணத்தில் வாங்கினோம். அப்புறம் ஓர் ஆசிரியரே வழி சொன்னார்: தாள் வேண்டாம், பாடநூலின் எந்தப் பயிற்சி, எந்த இலக்கம் என்று ஒரு துண்டில் எழுதி வைத்தாலே போதும்.

பிரச்சினைப்பட்டது பதிவுக் கொப்பி. வகுப்புத் தலைவர் ஒவ்வொரு பாடவேளைக்கும் பாடத்தின் பெயரையும் "நடந்தது", "நடக்கவில்லை" என்பதையும் எழுத வேண்டும் என்று நான் கேட்டேன். பிள்ளைகளை உளவு பார்க்க வைப்பதா என்று ஓர் ஆசிரியர் மனம் நொந்து எழுந்து போனார். நான் அதை வேறு விதமாக முன்வைத்திருக்க வேண்டும், அது என் பிழை. அடுத்த கூட்டத்தில் திருத்தினோம்: கொப்பி வகுப்பாசிரியரிடமே இருக்கும், வெளியே போகாது, தவணைக்கு ஒரு முறை மொத்தம் மட்டும் கூட்டத்தில் வாசிக்கப்படும். எழுந்து போனவரே பிறகு தன் வகுப்பின் மொத்தத்தை முதலில் வாசித்தார்.

இரண்டாம் தவணையில் மே 6 உள்ளூராட்சித் தேர்தலும் அதையடுத்து வெசாக்கும் வந்தன. ஆனாலும் முதல் தவணையில் 5 பாடவேளைக்கு 3தான் நடந்தது என்றிருந்த கணக்கு, 5க்கு 4ஐக் கிட்ட நெருங்கியது. பாடவேளை பிந்தித் தொடங்குவது திங்கட்கிழமை மட்டும் குறைந்தது. காலைக் கூட்டத்தைச் சுருக்கியது அதற்குக் காரணம். மற்ற நாட்களில் அப்படியே. கட்டடத்துக்குக் கட்டடம் நடக்கும் நேரத்துக்கு இன்னும் வழி காணவில்லை.

மூன்றாம் தவணையில் மழை. நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தது. டிசம்பர் நடுப்பகுதி வரை பாடசாலைகள் திறக்கவில்லை. அந்த நாட்களை இந்தக் கணக்கில் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை.

அரை மணித்தியாலம்

2026 முதல் பாடசாலை நேரத்தைப் பிற்பகல் 2 மணி வரை நீட்டுவதாக 2025இல் அறிவித்தார்கள். ஆசிரியர் சங்கங்கள் எதிர்த்தன. புயலுக்குப் பிறகு அது ஒத்திவைக்கப்பட்டது. மீண்டும் வரலாம். எங்கள் வகுப்பின் கணக்கை வைத்துச் சொல்கிறேன்: நாளுக்கு 30 நிமிடம் கூட்டினால் 40 நாளில் எல்லாப் பாடங்களுக்கும் சேர்த்து 20 மணித்தியாலம் கூடும். அதே 40 நாளில் ஒரே ஒரு பாடத்தில் மட்டும் 14 மணித்தியாலம் 40 நிமிடம் போயிருக்கிறது. வெயிலில் பஸ்ஸுக்கு நிற்கும் பிள்ளையை இன்னும் அரை மணித்தியாலம் நிறுத்துவதற்கு முன்னால் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்படி கேட்கிறேன்.

2026 தொடங்கியபோது எங்கள் சங்கம் 12 பதிவுக் கொப்பிகள் வாங்கியது, தரம் 6 முதல் 11 வரை வகுப்புப் பிரிவுக்கு ஒன்றாக. மூன்றாவது கணித ஆசிரியருக்காக வலயக் கல்விப் பணிமனைக்கு எழுதிய கடிதத்தோடு, தரம் 9இன் மூன்று தவணை மொத்தங்களையும் இணைத்திருக்கிறோம். அதிபர் சேரே கையெழுத்து வைத்தார். அந்தச் சிநேகிதி இப்போது செவ்வாயும் வியாழனும் பின்னேரம் எங்கள் வீட்டுக்கு வருகிறாள். நானும் மகளும் அவளும் தரம் 9 புத்தகத்தைத் திரும்ப எடுத்து, காரணிகளிலிருந்து தொடங்கியிருக்கிறோம்.